தாபாவின் பதினோரு நாட்கள்: பக்கத்து வீட்டுக்காரர் எப்படிக் கொலையாளி ஆனார்?

பனைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

நான் 31 வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலையைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். அங்கே இருந்த ஒரு மனிதர் மனதை விட்டு நகர மறுக்கிறார். பெயர் ஜான்-போல் அகாயேசு. அவரும் ஆசிரியர். பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு ஆய்வாளர். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். ஆளுங்கட்சிக்காரர் கூட இல்லை, எதிர்க்கட்சியில் இருந்தவர். 1993 ஏப்ரலில் கிதராமா மாகாணத்தில் தாபா என்ற கம்யூனுக்கு (உள்ளாட்சிப் பகுதி) தலைவரானார். கம்யூன் தலைவரை அங்கே 'பூர்க்மேஸ்தர்' என்பார்கள். நம் ஊராட்சித் தலைவரை வைத்து அளந்துவிட வேண்டாம். ஊர்க்காவலர்கள் அவர் சொன்னால்தான் நகர்வார்கள். நிலத்தகராறு, குடும்பத்தகராறு எதுவானாலும் மக்கள் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான்.

1994 ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதி ஹபியாரிமானாவின் விமானம் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகாத் உவிலிங்கியிமானாவைக் கொன்றார்கள். அவரைக் காக்கப் போன பெல்ஜிய அமைதிப்படை வீரர்கள் 10 பேரையும் கொன்றார்கள். சிறுபான்மையினரான டுட்சி மக்களை, பெரும்பான்மை ஹுட்டு இனத்துத் தீவிரவாதிகள் வீடு வீடாகத் தேடிக் கொல்வது தலைநகரில் தொடங்கிவிட்டது. தாபா அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் ஏப்ரல் 18 வரை அந்த ஊர் தாக்குப்பிடித்தது. காரணம் அகாயேசு. கொலைக் கும்பல்களை உள்ளே விடாமல் தடுத்தார். இதை அவருக்குத் தண்டனை விதித்த நீதிமன்றமே ஒத்துக்கொண்டது.

18ஆம் தேதி இடைக்கால அரசின் பிரதமர் காம்பாண்டா அந்த மாகாணத்துப் பூர்க்மேஸ்தர்களையெல்லாம் அழைத்துக் கூட்டம் போட்டார். மறுநாள் காலை கிஷியேஷியே என்ற இடத்தில் திரண்ட மக்கள் முன்னால் நின்று, எதிரியின் கூட்டாளிகளை ஒழிக்க ஒன்றுசேருங்கள் என்று பேசினார் ஒருவர். அதே அகாயேசு. ஜூன் முடிவதற்குள் தாபாவில் குறைந்தது 2,000 டுட்சிகள் கொல்லப்பட்டார்கள்.

17ஆம் தேதி வரை இருந்த அந்த மனிதர் 19ஆம் தேதி எங்கே போனார்? படித்தவர்கள், அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடல்வாசி

ஐயா, என்னைக் கேட்டால் பதில் வானொலி. ஆர்.டி.எல்.எம் 1993 ஜூலையில்தான் தொடங்கியது. பாட்டு, அரட்டை, சிரிப்பு என்று இளைஞர்களைக் கட்டிப்போட்டது. நடுநடுவே டுட்சிகளை 'இன்யென்சி' என்றது, அதாவது கரப்பான். கொலை தொடங்கியபின் இன்னார் இன்ன இடத்தில் ஒளிந்திருக்கிறார் என்று பெயர் சொல்லியே அறிவித்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நஹிமானா வரலாற்றுப் பேராசிரியர். நாளும் பொழுதும் காதில் கரப்பான் கரப்பான் என்று ஓதிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் எதிரே நிற்பவர் கரப்பானாகத்தானே தெரிவார்?

பனைநிழல்

கடல்வாசி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தேதிகள் இடிக்கின்றன. அந்த 11 நாளும் தாபாவிலும் அதே வானொலிதான் கேட்டது. புதாரேயைப் பாருங்கள். அந்த மாகாணத்தின் ஆட்சியர் ஹபியாலிமானா, நாட்டிலேயே அந்தப் பதவியில் இருந்த ஒரே டுட்சி. அவர் இருந்தவரை புதாரேயின் பெரும்பகுதி அடங்கித்தான் இருந்தது, பக்கத்து மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே ஓடிவந்தார்கள். அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். ஏப்ரல் 19 அன்று புதிய ஆட்சியர் பதவியேற்கும் விழாவுக்கு இடைக்கால ஜனாதிபதி சிந்திகுப்வாபோ நேரில் வந்தார். அவர் சொந்த ஊரே அந்தப் பக்கம்தான். தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கி நிற்பவர்கள், 'வேலை' செய்ய நினைப்பவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று பேசினார். கொல்லுங்கள் என்ற சொல்லே அந்தப் பேச்சில் இல்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அன்று தொடங்கியதுதான் புதாரேயின் படுகொலை.

வானொலி விறகைக் காயவைத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தீ பற்றிய நாளைக் குறித்துப் பார்த்தால், இந்த இரண்டு இடத்திலும் மேலிடத்து ஆள் வந்து பேசிய நாளை ஒட்டியே இருக்கிறது.

மலைச்சாரல்

'வேலை' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கிகாலியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மூன்று வருடம் கணக்கு பார்த்தேன். அங்கே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் கடை கிடையாது, வண்டி ஓடாது. எல்லோரும் தெருவுக்கு வந்து சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கால்வாய் தூர் வாருவது, புதர் வெட்டுவது, பள்ளிக்கூடத்துக்கு மண் சுமப்பது. இதற்கு 'உமுகண்டா' என்று பெயர். நானும் மண்வெட்டி பிடித்திருக்கிறேன். வேலை முடிந்ததும் மர நிழலில் உட்கார்ந்து ஊர் விஷயம் பேசுவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நம் ஊரில் இப்படி ஒன்று இல்லையே என்று வீட்டுக்குக்கூடச் சொன்னேன்.

அப்புறம்தான் என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னார். 1994இலும் இதே வழக்கம் இருந்தது, கூப்பிட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். அந்த ஏப்ரலில் பல ஊர்களில் கூப்பிட்ட விதம் அப்படியே அதுதான். 'குகோரா', அதாவது வேலை செய்வது. அரிவாள், மண்வெட்டி எல்லாம் 'வேலைக் கருவிகள்'. புதர் வெட்ட வேண்டும், வேரோடு பிடுங்க வேண்டும் என்றார்கள். பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். எந்த வீட்டில் யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். வராதவருக்கு அபராதம். பணமாகவோ சாராயமாகவோ கட்ட வேண்டும்.

அபராதம் என்று கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பைத்தியம் பிடித்த கூட்டத்தில் அபராதச் சீட்டு இருக்காது. ஊர் நிர்வாகம் நன்றாக நடக்கும் இடத்தில்தான் அது இருக்கும்.

தாழம்பூ

நான் அரசியல் அறிவியல் மாணவி. சிறைகளில் இருந்த 210 குற்றவாளிகளை ஓர் அமெரிக்க ஆய்வாளர் நேரில் கண்டு பேசினார். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரும்பாலோர் உழவர்கள். மணமாகிப் பிள்ளை குட்டியோடு இருந்தவர்கள். இருபது வயது முரட்டுப் பையன்கள் என்று நாம் நினைக்கிறோம், சராசரி வயது முப்பதுக்கு மேலே. டுட்சிப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு அதுவரை நல்லபடியாகவே பழகியதாகப் பலர் சொன்னார்கள். ஏன் போனாய் என்ற கேள்விக்கு அதிகம் வந்த பதில் வெறுப்பு இல்லை. பயம். சண்டை நடக்கிறது, டுட்சிகள் முன்னின்ற கிளர்ச்சிப் படையான ஆர்.பி.எஃப் வந்தால் நம்மைக் கொல்லும் என்ற பயம் ஒன்று. போகாவிட்டால் நம் ஆட்களே நம்மை 'இச்சிட்சோ' (எதிரியின் கையாள்) என்பார்கள் என்ற பயம் இன்னொன்று.

இன்னொரு கணக்கும் முக்கியம். கொலையில் பங்கெடுத்தவர்கள் சுமார் 1,75,000 முதல் 2,10,000 பேர் என்று அவர் மதிப்பிடுகிறார். அது வயது வந்த ஹுட்டு ஆண்களில் 14 முதல் 17 சதவீதம். பயங்கரமான எண்தான். ஆனால் 'ஊரே கொன்றது' என்று சொல்லிவிட முடியாது.

கடல்வாசி

பயத்துக்குக் காரணமும் இருந்ததே. 1990 அக்டோபர் 1 முதல் எல்லையில் போர். 1993 அக்டோபரில் பக்கத்து நாடான புருண்டியில் ஹுட்டு ஜனாதிபதி ந்டாடாயேயைப் படையினரே கொன்றார்கள், அகதிகள் ருவாண்டாவுக்குள் வந்து குவிந்தார்கள். நாளை நமக்கும் இதே கதி என்று சொல்ல ஆள் இருந்தால், கேட்கக் காதும் இருந்தது.

மில்கிராம் பரிசோதனையும் நினைவுக்கு வருகிறது. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியும், மேலே நிற்பவர் 'தொடருங்கள்' என்று சொன்னதற்காகவே 40 பேரில் 26 பேர் கடைசி மின்விசை வரை அழுத்தினார்கள். மனிதன் கீழ்ப்படியும் மிருகம், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

தாழம்பூ

கடல்வாசி அண்ணா, அந்தப் பரிசோதனை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த அறையில் இருப்பவர் அன்றுதான் பார்த்த அந்நியர், அழுத்தும்போது முகமும் தெரியாது. முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். ருவாண்டாவில் 100 நாள். வெட்டப்படுபவர் இவர் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நின்றவராக இருக்கலாம். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் மறுபடி வர வேண்டும். கீழ்ப்படிதல் என்ற ஒரு சொல் இத்தனையும் தாங்காது.

இன்னொன்றும் சொல்கிறேன், படித்தபோது என்னால் ஜீரணிக்க முடியாதது இது. பகலில் கும்பலோடு போய்க் கொன்ற ஆள், அன்றிரவே தன் வீட்டில் தெரிந்த டுட்சி ஒருவரை ஒளித்துவைத்திருந்தது பல ஊர்களில் பதிவாகியிருக்கிறது. தனியாக இருந்தபோது காப்பாற்றினார். நாலு பேர் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கூடப் போனார்.

செங்காந்தள்

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். இனி முடியவில்லை. பயம், அபராதம், கூப்பிட்டார்கள், போனார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். தாபா கம்யூன் அலுவலக வளாகத்தில் தஞ்சம் புகுந்த பெண்களை நாள்கணக்கில் பலாத்காரம் செய்தார்களே, அது எந்தப் பயத்தால்? அதற்கும் அபராதச் சீட்டு போட்டார்களா? பயத்தில் கொன்றவன் அப்புறம் ஏன் அந்த வீட்டுத் தகர ஓட்டைக் கழற்றினான், மாட்டை அறுத்துத் தின்றான், நிலத்தில் எல்லைக்கல்லை நகர்த்தினான்? 'சாதாரண மனிதர்' என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் கையைக் கழுவிவிடுகிறோமோ என்று எனக்குக் கோபம் வருகிறது.

பனைநிழல்

அம்மா, நீங்கள் கேட்டது சரி. என் முதல் பதிவில் அந்தப் பெண்களைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. அது பிழை.

அகாயேசு வழக்கிலும் முதலில் இதே பிழை நடந்தது. தான்சானியாவின் அருஷாவில் ஐ.நா. தீர்ப்பாயத்தில் 1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி எதுவும் கிடையாது. கொலையைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் சீரழித்ததை இடையில் சொன்னார். மேற்கொண்டு கேள்வி கேட்டு அதைப் பதிவில் கொண்டுவந்தது நீதிபதிகள்தான். அந்த மூவரில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். அதன்பின் 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன முதல் தீர்ப்பு. பலாத்காரமும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் என்று சொன்ன முதல் தீர்ப்பும் அதுவே.

உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இதுதான். முதல் நாள் போனதற்குப் பயம் காரணமாக இருந்திருக்கலாம். பத்தாம் நாள் போனதற்குப் பயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கேட்க ஆளில்லை என்று தெரிந்தபின் ஆசை உள்ளே வந்துவிட்டது. நிலம் ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் என்று சுருங்கிப்போன நாட்டில் பக்கத்து வயல் ஆளில்லாமல் கிடக்கிறது. எல்லோரும் எடுக்கும்போது எடுக்காதவன் ஏமாளி. இதையெல்லாம் பயம் என்ற பெயரில் நாமும் மூடக்கூடாது. பின்னால் சிறையில் உட்கார்ந்து பேசுபவருக்கு 'பயந்தேன்' என்று சொல்வது 'ஆசைப்பட்டேன்' என்று சொல்வதைவிட எளிது என்பதையும் மறக்கக்கூடாது.

வடக்கு வீதி

பயம் என்ற வாதத்துக்கு வேறு நாட்டிலிருந்து ஒரு சம்பவம் சொல்கிறேன். 1942 ஜூலை 13, போலந்தில் யூசெஃபூவ் என்ற சிற்றூர். நாஜி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்த ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101. சுமார் 500 பேர். பலர் நடுத்தர வயது, துறைமுகத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், குமாஸ்தா இப்படி. அவர்கள் தலைவர் மேஜர் ட்ராப் விடிகாலையில் எல்லோரையும் அரைவட்டமாக நிற்கவைத்து, ஊர் யூதர்களில் உழைக்கக்கூடிய ஆண்களைப் பிரித்தபின், பெண்கள், குழந்தைகள், முதியவர்களைச் சுட வேண்டும் என்று ஆணையைச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அப்புறம், முடியாது என்று நினைக்கும் வயது மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார்.

விலகியவர்கள் பன்னிரண்டு பேர் அளவில். அவர்களை யாரும் சுடவில்லை, சிறையில் போடவில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வேறு வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் போனார்கள். மாலைக்குள் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். இடையில் சிலர் தாங்கமாட்டாமல் ஒதுங்கினார்கள் என்பதும் உண்மை. இருபது வருடம் கழித்து ஹாம்பர்க்கில் விசாரித்தபோது சிலர் சொன்ன காரணம், கூட இருப்பவர்கள் முன்னால் கோழையாகத் தெரிய விரும்பவில்லை என்பது. அழுத மேஜரின் அதே படை அன்று தொடங்கி ஒன்றரை வருடத்துக்குள் குறைந்தது 38,000 யூதர்களைச் சுட்டது. இன்னும் 45,000 பேரை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றியது.

ருவாண்டாவில் மறுத்தவருக்கு ஆபத்து இருந்தது, மறுத்த ஹுட்டுகள் கொல்லப்பட்டார்கள். யூசெஃபூவில் அந்த ஆபத்தே இல்லை. அப்படியும் பன்னிரண்டு பேர்தான். ஆக, உயிர்ப்பயம் இருந்தால்தான் மனிதன் போவான் என்பது பொய். பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்ற கூச்சம் போதுமானதாக இருந்திருக்கிறது.

செங்காந்தள்

நன்றி. எனக்கு வேண்டியிருந்தது இதுதான். முடியாது என்றவர்கள் இருந்தார்கள் என்பது. ருவாண்டாவில் அப்படி யாராவது?

மலைச்சாரல்

இருந்தார்கள் அக்கா. தாபா இருந்த அதே கிதராமா மாகாணத்தில், ருஹாங்கோ பக்கம் முசாமோ என்ற கிராமத்தில் சுலா கருஹிம்பி என்ற வயதான ஹுட்டுப் பெண். பச்சிலை வைத்தியம் பார்ப்பவர், விதவை. ஊரில் அவரைச் சூனியக்காரி என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்தையே ஆயுதமாக்கிக்கொண்டார். இரண்டு அறைக் குடிசையில் கட்டிலுக்கடியிலும் பரணிலுமாக நூறு பேருக்கு மேல் ஒளித்துவைத்தார். உடம்பில் பட்டால் அரிக்கும் பச்சிலையை அரைத்துப் பூசிக்கொண்டு, கும்பல் வந்தால் அவர்கள் மேல் கையை வைப்பார். அரிப்பு எடுக்கும். உள்ளே கால் வைத்தால் நியாபிங்கி தெய்வம் உங்களை விடாது என்று மிரட்டுவார். பணம் தருகிறேன் என்றும் கேட்டுப்பார்த்தார்கள், மசியவில்லை. அவரிடம் ஒளிந்தவர்கள் பிழைத்தார்கள். 2018 டிசம்பரில் இறந்தார்.

கிதி என்று ஒரு கம்யூனும் உண்டு, பியும்பா மாகாணத்தில். அங்கே பூர்க்மேஸ்தர் முதல் நாளிலிருந்தே கொலைக்கு இடம் கொடுக்கவில்லை. ஆர்.பி.எஃப் படை சீக்கிரம் வந்து சேர்ந்ததும் உதவியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் நியமாதா தேவாலயத்துக்குப் போயிருக்கிறேன். உள்ளே இறந்தவர்களின் துணிகளைப் பெஞ்சுகள் மேல் குவித்து வைத்திருக்கிறார்கள். குழந்தைச் சட்டைகள். கூரைத் தகரத்தில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் விழும். அங்கே நின்றபோது கொன்றவர்களைப் பற்றி யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த இழையில்தான் முதல்முறையாக யோசிக்கிறேன்.

தாழம்பூ

பனைநிழல் ஐயா, அகாயேசு தன் தரப்பில் என்ன சொன்னார்?

பனைநிழல்

என்னால் என்ன செய்திருக்க முடியும் என்றுதான் சொன்னார் மகளே. என்னிடம் இருந்தது பத்துக் காவலர்கள். ஐ.நா. படையை வைத்துக்கொண்டு ஜெனரல் டலேராலேயே தடுக்க முடியவில்லை, என்னிடம் எப்படி எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர் தரப்பு வாதாடியது. அந்த டலேரே 1998 பிப்ரவரியில் இந்த வழக்கில் சாட்சி சொன்னார்.

நான் இந்த வாதத்தை லேசாகத் தள்ளவில்லை. ஒரு நாள் முழுக்க அதையே யோசித்தேன். 18ஆம் தேதிக் கூட்டத்தில் அவருக்குத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள், அரசு எந்தப் பக்கம் என்று. இனி தடுத்தால் பதவி போகும், உயிரும் போகலாம். அவர் ஓடிப்போயிருக்கலாம், ஒளிந்திருக்கலாம், வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் அவரைப் பற்றி இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் நாற்காலியை விடவில்லை. பூர்க்மேஸ்தராகவே தொடர விரும்பினார், அந்தப் பதவியின் வேலை ஒரே இரவில் மாறிவிட்டது, மாறிய வேலையையும் செய்தார். இத்தனை வருட அரசு உத்தியோகத்தில் சுற்றறிக்கை மாறினால் மறுநாளே நானும் மாறியிருக்கிறேன். நேற்று வரை சரியென்று சொன்னதை இன்று தவறென்று வகுப்பில் நின்று சொல்லியிருக்கிறேன். அவை சின்ன விஷயங்கள்தான், இதோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் அந்த அசைவு எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிகிறது. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் மாலி நாட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். அவரை அழைத்துக் கூட்டம் போட்ட பிரதமர் காம்பாண்டாவும் அதே நேரத்தில் அங்கேதான் அனுப்பப்பட்டார்.

வடக்கு வீதி

ஒரு சந்தேகம். முதல் 11 நாள் தாபாவைக் காத்தது அகாயேசு ஒருவரா? அவர் கூட நின்ற ஊர் மக்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

பனைநிழல்

நான் இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டது இதைத்தான். 'இரோண்டோ' என்று இரவுக்காவல் உண்டு. கிதராமா, புதாரே பகுதிகளில் முதல் நாட்களில் பல ஊர்களில் ஹுட்டுவும் டுட்சியும் சேர்ந்தே அந்தக் காவலில் நின்றார்கள், வெளியூர்க் கும்பலை விரட்டினார்கள். ஆணை மாறியதும் காவல் கலையவில்லை. அதே இரவுக்காவல், அதே சாலைத்தடுப்பு, அதே முறைவரிசை, டுட்சிகளை மட்டும் கழித்துவிட்டு அவர்களைத் தேடத் தொடங்கியது.

செங்காந்தள் அம்மா கேட்ட பெண்களும் இதில்தான் வருகிறார்கள். தீர்ப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை, எழுத்துகள்தான். அவர்கள் காட்டுக்கோ சதுப்புநிலத்துக்கோ ஓடாமல் கம்யூன் அலுவலகத்துக்கு வந்தது, பூர்க்மேஸ்தர் காப்பாற்றுவார் என்று நம்பியதால். குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.